ரேச்சல் பூட்டிய கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் முதல் நாவல் ‘தி வாயேஜ் அவுட்’ படித்து முடித்தேன். கடல் பயணத்தில் ஓர் இளம்பெண் தன்னைக் கண்டடையும் கதை என்று சொல்லி நண்பர் கொடுத்தது. ஆனால் கப்பல் ஏழாம் அத்தியாயத்திலேயே கரை சேர்ந்துவிடுகிறது. மீதி இருபது அத்தியாயமும் பெரும்பாலும் ஹோட்டலும் பேச்சும்தான். நிச்சயமான கொஞ்ச நாளில் ரேச்சல் காய்ச்சலில் சாகிறாள். கடைசியில் சாகடிப்பதற்கு எதற்கு இந்தப் பயணம்? முதல் நாவலின் தடுமாற்றமா? வுல்ஃபை எதிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதிலிருந்து தொடங்கினால் என்ன, தொடங்கிவிட்டீர்கள். ஹோட்டல் பகுதி நீளம்தான், சரி. ஆனால் நண்பர் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு முழு நாவலையும் அளந்திருக்கிறீர்களே, அதுதான் கோபம் வருகிறது. ஒரு வாரமாக நானும் அந்தக் கப்பலையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரேச்சலுக்கு 24 வயது. அம்மா இல்லை. ரிச்மண்டில் அத்தைகள் பொத்திப் பொத்தி வளர்த்த பெண், பியானோவைத் தவிர உலகம் தெரியாது. லிஸ்பனில் ஏறுகிற ரிச்சர்ட் டாலோவே, மனைவியோடு வந்த பெரிய மனிதர், கப்பல் ஒரு குலுக்கு குலுக்கும்போது அவளை முத்தமிட்டுவிடுகிறார். எல்லோரும் இந்த முத்தத்தைத்தான் பேசுகிறார்கள். அன்று இரவு நடப்பதைப் பாருங்கள். கனவில் நீளமான சுரங்கம், அதன் முடிவில் நீண்ட நகங்களோடு தரையில் குந்தியிருக்கும் ஒரு குள்ள மனிதன். விழித்த பிறகும் பயம் போகவில்லை. எழுந்துபோய் கேபின் கதவைப் பூட்டுகிறாள். அப்பாவின் சொந்தக் கப்பலில், பூட்டிய கதவுக்கு வெளியே யாரோ மூச்சுவிடுவதுபோல அவளுக்குக் கேட்கிறது.

அப்புறம் தாய்மாமன் மனைவி ஹெலனிடம் பேசும்போது, லண்டனின் பிக்காடிலி தெருவில் நிற்கும் அந்தப் பெண்கள் யார் என்று கேட்கிறாள். விலைமாதர்கள் என்று பதில் கிடைத்ததும் அவளுக்குப் புரிவது, தன்னை ஏன் தனியாக நடக்க விட்டதில்லை என்பது! இதுநாள்வரை வாழ்ந்ததெல்லாம் இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே ஊர்ந்தது என்று அப்போதுதான் தெரிகிறது. அவள் கண்டடைந்தது சுவரை, எஸ். அதற்கு ஏழு அத்தியாயம் போதும். ‘கண்டடைதல்’ என்றால் கடைசிப் பக்கத்தில் மலர்ந்த முகத்தோடு கரையில் நிற்க வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

சாவுக்கு வருகிறேன். 1906-இல் குடும்பமாக கிரீஸ் போய் வந்ததும் வுல்ஃபின் அண்ணன் தோபி டைஃபாய்டில் இறந்தார், 26 வயது. அதன்பின் சில வருடங்களில் எழுத ஆரம்பித்த நாவல் இது. திரும்பத் திரும்ப எழுதி, நடுவில் மனம் உடைந்து, 1915 மார்ச்சில் வெளிவரும்போது அவருக்கு 33. அவர் அந்தப் பெண்ணைச் ‘சாகடித்தார்’ என்று எழுத எப்படி மனம் வந்தது உங்களுக்கு? அவளுக்கு நிச்சயமான டெரன்ஸ், மில்டன் கவிதையை வாசித்துக்கொண்டிருக்க, சொற்கள் கழன்று வேறெதையோ சொல்லத் தொடங்குகின்றன, ரேச்சலுக்குத் தலை வலிக்கிறது. தொடக்கம் அவ்வளவுதான். எந்தக் குற்றத்துக்கும் தண்டனையாக அது வரவில்லை.

என் தங்கைக்கு 19 வயதில் டைஃபாய்டு வந்தது. ராத்திரி நான்தான் பக்கத்தில். நெற்றியில் ஈரத்துணி போட்டால் இரண்டு நிமிடத்தில் காய்ந்து வெதுவெதுப்பாகிவிடும். தண்ணீர் டம்ளரை உதட்டருகே வைத்தேன், “அது ரொம்பத் தூரத்துல இருக்கு” என்றாள். அப்புறம் மெதுவாக, “கதவைச் சாத்து, வெளியே யாரோ நிக்கிறாங்க.” கதவு சாத்தித்தான் இருந்தது. இருந்தாலும் எழுந்துபோய் தாழ்ப்பாளைச் சத்தம் கேட்கும்படி போட்டேன், அதன்பிறகுதான் தூங்கினாள்.

பிழைத்தபின் கேட்டேன், அவளுக்கு எதுவும் நினைவில்லை. பல வருடம் கழித்து இந்த நாவலைப் படிக்கும்போது, கேபின் கதவை ரேச்சல் பூட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவளுக்குப் போன் பண்ணினேன்.

ஐந்தாம் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை படித்துவிட்டு எழுதுங்கள்.