பட்ட விதி மாறினால் யாரைக் கேட்பது? கேள்வி பதில்

பல்கலைக்கழக நிர்வாகத்தில் 30 வருடத்துக்குக் கிட்ட இருந்து, சிரேஷ்ட உதவிப் பதிவாளராக ஓய்வுபெற்றவள் நான். அதில் பாதிக் காலம் பீடச் சபைக்கும் அதற்கு மேலே உள்ள மூதவைக்கும் (செனட்) கூட்ட அறிக்கை எழுதியே போனது. இப்போது இருப்பது மட்டக்களப்புக் கல்லடியில். பட்டத்துக்கான தேவைகள், அவற்றை மாற்றும் சபைகள் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது எந்தக் கல்வியாண்டுக்கு உள்வாங்கப்பட்டவர் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாமல் பதில் சொல்ல ஏலாது.

களுவாஞ்சிகுடி, மாணவி: மெடம், நான் கலைப்பீடம், இரண்டாம் வருஷம். நாங்க வந்த நேரம் நாலு வருஷச் சிறப்புப் பட்டத்துக்குப் போக முதலாம் வருஷத்தில அந்தப் பாடத்துக்கு பி எடுத்தாப் போதும் எண்டு கையேட்டில இருந்தது. இப்ப மொத்த ஜிபிஏயும் (புள்ளிச் சராசரி) 3.00 வேணுமாம் எண்டு துறையில நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாங்க. எனக்கு 2.91. நாங்களும் இதுக்குள்ள வாறமா?

மகள், முதலில் பயப்படாதீர்கள். நோட்டீஸ் என்பது விதி அல்ல, விதி வந்திருக்கிறது என்ற அறிவித்தல் மட்டுமே. அந்த விதி எங்கே பிறந்தது என்று தேடுங்கள்.

துறைக் கூட்டம் ஒன்றைச் சிபாரிசு செய்யலாம். பீடச் சபை அதை ஆராய்ந்து மூதவைக்கு அனுப்பலாம். பட்டத்துக்கான தேவையை மாற்றும் முடிவு மூதவையில்தான் எடுக்கப்படவேண்டும். ஆகவே துறைத்தலைவருக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதியைப் பீடாதிபதிக்கும் பீடத்தின் உதவிப் பதிவாளருக்கும் கொடுங்கள். மூன்று விடயம் மட்டும் கேளுங்கள்: எத்தனையாவது மூதவைக் கூட்டம், என்ன திகதி, எந்தக் கல்வியாண்டில் உள்வாங்கப்படுவோர் முதல் நடைமுறை. மூன்றாவதுதான் உங்கள் உயிர்நாடி.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதே மாதிரி ஒரு சிக்கல் வந்தது. முடிவு மூதவை வரைக்கும் ஒழுங்காகப் போயிருந்தது, ஆனால் எந்த பட்ச் (ஒரே ஆண்டில் உள்வாங்கப்பட்டவர்கள்) முதல் என்ற வரி மட்டும் விடுபட்டுப்போனது. அலுவலகம் அதை எல்லாருக்கும் பொருத்தியது. பிள்ளைகள் பழைய கையேட்டில் வேறு மாதிரி இருந்தது என்றார்கள். இணையத்தில் பார்த்தால் பழைய கோப்புக்கு மேலேயே புதியதை ஏற்றிவிட்டிருந்தார்கள். அலுவலக அலுமாரியிலும் அந்த வருடத்துப் பிரதி இல்லை. கடைசியில் ஒரு மாணவியின் தகப்பனார், வாகரைப் பக்கத்து மீனவர், பஸ் ஏறி வந்து, சொப்பிங் பைக்குள் சுற்றிவைத்த கையேட்டை என் மேசையில் வைத்தார். மகள் கெம்பஸுக்குப் போன முதல் நாள் கொடுத்தது என்று சாமித்தட்டுக்குக் கீழே வைத்திருந்தாராம். ஓரம் மடித்த பக்கத்தில் பழைய விதி தெளிவாக இருந்தது. அந்த ஒரு பக்கத்தின் பிரதியோடு விடயம் திரும்ப மூதவைக்குப் போய், அந்த பட்ச் முழுவதும் பழைய விதியின்படியே விடப்பட்டது.

நீங்கள் நுழைந்த வருடத்துக் கையேடு உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உடன்படிக்கை. தொலைக்காதீர்கள். இணையத்தில் இருந்தால் இன்றைக்கே இறக்கி அச்செடுத்து வையுங்கள்.

இன்னொன்று. எல்லா மாற்றமும் அநியாயம் அல்ல. பாடத்தின் உள்ளடக்கம் மாறலாம், நூற்பட்டியல் மாறலாம், அவை நடுவில் மாறுவது இயல்பு. பட்டம் பெறுவதற்கான தகுதியையும் சிறப்புப் பட்டத்துக்குள் போகும் தகுதியையும், படித்து முடித்த ஒரு வருடத்தின் புள்ளிகள் மீது பின்னோக்கிப் பாய்ச்சுவதுதான் கூடாது. சட்டத்தில் இதை நியாயமான எதிர்பார்ப்பு என்பார்கள். சொன்ன விதியை நம்பி நடந்தவரை அரச நிறுவனம் நடுவழியில் கைவிடக்கூடாது.

அக்கரைப்பற்று, தகப்பன்: அஸ்ஸலாமு அலைக்கும் மெடம். பீடாதிபதி நினைச்சா எல்லாத்தையும் மாத்தலாம் எண்டு மகன் சொல்றான். உண்மையா?

வஅலைக்கும் ஸலாம். இல்லை ஐயா. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டம் அப்படி ஒருவர் கையில் கொடுக்கவில்லை. பீடாதிபதியைப் பீடச் சபைதான் தெரிவுசெய்கிறது, 3 வருடத்துக்கு. அந்தச் சபையில் பீடத்தின் நிரந்தர விரிவுரையாளர்கள் எல்லாரும் உண்டு. வெளியிலிருந்து துறைசார்ந்த பெரியவர்கள் 3 பேர் உண்டு. மாணவர்கள் தெரிவுசெய்த 2 மாணவர்களும் உண்டு. அதற்கு மேலே மூதவை. துணைவேந்தர் தலைமையில் பீடாதிபதிகள், துறைத்தலைவர்கள், பேராசிரியர்கள், நூலகர், ஒவ்வொரு பீடத்திலிருந்தும் தெரிவாகும் 2 ஆசிரியர்கள் இருப்பார்கள். கல்வி விடயத்தில் மூதவையே பெரிது. பணம், ஆளணி, கட்டடம் எல்லாம் பல்கலைக்கழகத்தை ஆளும் பேரவையின் பொறுப்பு. புதிய பட்டமே தொடங்குவதென்றால் கோப்பு கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வரை போகும்.

பீடாதிபதிக்குச் செல்வாக்கு உண்டு. நிகழ்ச்சிநிரலில் எது முதலில் வரும், எது பிந்திப்போகும் என்பது அவர் கையில் நிறைய இருக்கிறது. அது சிறிய அதிகாரம் அல்ல.

வாழைச்சேனை: இசட் புள்ளி 1.2, மட்டக்களப்பு மாவட்டம். முகாமைத்துவம் கிடைக்குமா?

அது அனுமதி விடயம், என் துறை இல்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் முந்திய வருட வெட்டுப்புள்ளிகள் மாவட்டவாரியாக இருக்கும், அதைப் பாருங்கள்.

ஒலுவில், மாணவன்: மெடம், 90 கிரெடிட், 120 கிரெடிட் எண்டு சொல்றாங்களே, அது எப்படி வருது? வருஷா வருஷம் புதுப் பாடம் சேர்த்துக்கொண்டே போறாங்க.

நல்ல கேள்வி தம்பி. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல் வேலை. விரிவுரையாக நடந்தால் அதில் 15 மணித்தியாலம் வகுப்பு. மிச்சம் நூலகம், ஒப்படை, பரீட்சைக்கான படிப்பு. வருடத்துக்கு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். 3 வருடப் பட்டம் 90 கிரெடிட், மட்டம் 5. 4 வருடக் கௌரவப் பட்டம் 120 கிரெடிட், மட்டம் 6. நாங்கள் வழக்கமாகச் சிறப்புப் பட்டம் என்று சொல்வது இப்போது இந்தக் கௌரவப் பட்டம்தான்.

புதுப் பாடம் சேர்ப்பதைப் பற்றி நீங்கள் சொன்னதை நானும் மனவருத்தத்தோடு பார்த்திருக்கிறேன். கணினி வேண்டும், தொழில்முயற்சி வேண்டும், சமூக நல்லிணக்கம் வேண்டும். எல்லாம் நல்லவைதான். எந்தப் பாடத்தை எடுத்துவிட்டு இதை வைப்பது என்று கேட்டால் ஒரு துறையும் தன் பாடத்தை விடாது. முடிவில் ஜிபிஏயில் சேராத கட்டாயப் பாடம் என்று ஒரு பெயர் வைத்து உள்ளே விடுவார்கள். புள்ளி சேராது, ஆனால் சித்தியடையாவிட்டால் பட்டம் இல்லை. அந்த மணித்தியாலங்கள் பிள்ளையின் நித்திரையிலிருந்துதான் வெட்டப்படுகின்றன. சபையில் இப்படி ஒரு முன்மொழிவு வந்தால், எது வெளியே போகிறது என்று கேட்க ஒருவராவது இருக்கவேண்டும்.

ஏறாவூர்: எங்களுக்கும் புது ஜிபிஏ விதி எண்டு சொல்றாங்க, பொருந்துமா?

எந்தக் கல்வியாண்டு? முதல் கேள்விக்கான பதிலை வாசியுங்கள்.

கல்முனை, ஆசிரியர்: ஜிபிஏயை விடுங்கள். கலைப்பீடம் முழுவதையும் ஆங்கில மொழிமூலம் ஆக்கினால் வேலையில்லாப் பட்டதாரிப் பிரச்சினை பாதி தீரும். சபைகள் ஏன் துணியவில்லை?

மண்டூர், மாணவி: சேர், நான் படுவான்கரைப் பள்ளிக்கூடத்தில படிச்சவ. எங்களுக்கு மூணு வருஷம் ஆங்கில டீச்சரே இல்ல. முதலாம் வருஷம் ஆங்கிலத்துக்கு சி மைனஸ். வரலாறுக்கு ஏ. நீங்க சொல்ற மாதிரி வந்தா நான் வரலாறே படிச்சிருக்க மாட்டன்.

கல்முனை, ஆசிரியர்: அனுதாபம் வேறு, தொழிற்சந்தை வேறு, தங்கச்சி.

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. மண்டூர் மகள் சொல்வதில் கூடுதலாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது எல்லாம் ஆங்கிலம். 1960 அளவில் கலைப் பாடங்கள் தமிழிலும் சிங்களத்திலும் நடக்கத் தொடங்கிய பிறகுதான் ஆங்கிலப் பாடசாலைக்குப் போகாத கிராமத்துப் பிள்ளைகள் பெருமளவில் உள்ளே வந்தார்கள். படுவான்கரையிலிருந்தும் அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் ஒரு தலைமுறை ஆசிரியர்களும் அதிபர்களும் வந்தது அந்தக் கதவால்தான். அதை ஒரு மூதவைத் தீர்மானத்தால் சாத்திவிட்டு, பிறகு வேலைச்சந்தை என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் ஆங்கிலம் இல்லாமல் விட்டதும் பிழைதான் மகள். மேற்படிப்பு, ஆய்வுக் கட்டுரை, நேர்முகம் எல்லாவற்றிலும் நம் பிள்ளைகள் வாயடைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரை எடுங்கள். இலண்டன் பி.எஸ்சி. பட்டதாரி, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லக் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவரும் அவரே. ஒன்றைப் பெற மற்றதை அவர் விடவில்லை.

ஆகவே, முதலாம் வருடத்தில் கிழமைக்கு 2 மணித்தியாலம் என்றில்லாமல் ஆங்கிலத்தைக் கனமாகக் கற்பியுங்கள், அதற்குக் கிரெடிட்டும் கொடுங்கள். ஆனால் சிறப்புப் பட்டத் தெரிவில் அந்தப் புள்ளி வரலாற்றில் ஏ எடுத்த பிள்ளையை வெளியே தள்ளக்கூடாது. மூன்றாம் வருடத்திலிருந்து ஒன்றிரண்டு பாடத்தை விரும்பியவர் ஆங்கிலத்தில் எடுக்க இடம் விடுங்கள். அதைப் படிப்பிக்கக்கூடிய ஆள் துறையில் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஆளில்லாமல் மொழிமூலத்தை மாற்றினால் குறிப்பு வாசிப்பதுதான் நடக்கும்.

நிந்தவூர்: விஞ்ஞானம், பொறியியல், மருத்துவப் பிள்ளைகள் எல்லாம் ஆங்கிலத்தில்தானே சமாளிக்கிறார்கள்?

சமாளிக்கிறார்கள். முதல் வருடம் எத்தனை பிள்ளைகள் அறைக்குள் இருந்து அழுகிறார்கள் என்று விடுதிப் பொறுப்பாளரைக் கேளுங்கள். ஆங்கிலம் பற்றி இன்றைக்கு இதோடு நிறுத்துகிறேன். மற்றப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

திருக்கோவில்: எங்களுக்குப் புது விதி பொருந்துமா மெடம்?

கல்வியாண்டை எழுதாமல் வந்த இன்னொரு கேள்வி இது. தயவுசெய்து எழுதுங்கள், அல்லது முதல் பதிலை வாசியுங்கள்.

செங்கலடி, மாணவன்: நான் நோயால ஒரு செமஸ்டர் விட்டு, கீழ் பட்ச்சோட சேர்ந்திட்டன். எனக்கு எந்த விதி? மறுகா எழுதுற பாடத்துக்கு சி மட்டும்தானா?

கவனமாகக் கேளுங்கள் தம்பி, ஆள் விழும் இடம் இதுதான். கீழ் பட்ச்சோடு சேர்ந்தவுடன் அவர்களின் விதி தானாக உங்களுக்கு வந்துவிடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சில இடங்களில் அப்படி, சில இடங்களில் உள்வாங்கிய ஆண்டின் விதியே தொடரும். மீண்டும் சேரும் அனுமதிக் கடிதத்தில் இது எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லையென்றால் இப்போதே எழுத்தில் கேளுங்கள், இறுதி வருடம் வரை வைத்திருக்காதீர்கள்.

சி என்ற உச்சவரம்பு, பரீட்சையில் தவறி மீண்டும் எழுதுவோருக்கு. மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுத்து, அது ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தால், வழக்கமாக அதை முதல் தடவையாகவே கணிப்பார்கள். ஏற்றுக்கொண்ட கடிதம் கையில் இருக்கிறதா? வாய்ச்சொல் போதாது.

ஆரையம்பதி, மாணவ பிரதிநிதி: பீடச் சபையில நானும் ஒரு ஆள். பெரிய ஆக்கள் மத்தியில என்ன பேசுறது எண்டு தெரியல்ல.

உங்களுக்குத்தான் நிறையச் சொல்லவேண்டும். மாணவ உறுப்பினர் இருவரும் வழக்கமாகக் கதவோரக் கதிரையில் இருப்பார்கள். தேநீரும் பணிஸும் வரும், பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். பரீட்சை விடயம் வந்தால் வெளியே போகச் சொல்வார்கள், அது முறைதான். மற்றதெல்லாம் உங்களுக்கும் உரியது.

நிகழ்ச்சிநிரல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து வாசியுங்கள். பாடத்திட்ட மாற்றங்கள் பின்னால்தான் இருக்கும், எல்லாரும் களைத்துப்போன நேரத்தில் வரும். ஒருமுறை மாலை நாலரை மணிக்கு, பாதிப்பேர் பையை எடுத்துக்கொண்டு எழும்பிய நேரத்தில், ஒரு தெரிவுப் பாடம் கட்டாயமாகும் விடயம் வந்தது. ஒரு மாணவி கையை உயர்த்தி, “இது எந்த பட்ச் முதல் சேர்?” என்று மட்டும் கேட்டாள். அறை அமைதியாகிவிட்டது. பீடாதிபதி என் பக்கம் திரும்பி, “அடுத்த உள்வாங்கல் முதல் என்று எழுதுங்கோ” என்றார். எழுதினேன். அந்த ஒரு வரி இரண்டு பட்ச் பிள்ளைகளைக் காப்பாற்றியது.

அடுத்த கூட்டத்தில் முன்னைய அறிக்கையை உறுதிப்படுத்தும்போது, நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் அந்த நேரத்திலேயே சொல்லவேண்டும்.

பொத்துவில்: மூதவை அறிக்கையைக் கேட்டால் இரகசியம் என்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 14 வேலை நாளுக்குள் தரமுடியுமா இல்லையா என்று சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. முழு அறிக்கையையும் கேட்காமல், குறித்த விதி பற்றிய தீர்மானத்தின் சாரத்தை மட்டும் கேளுங்கள், இலகுவாகக் கிடைக்கும். நீதிமன்றம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதமே தவணை. கடிதம் எழுதிக்கொண்டே அந்த மாதத்தைப் போகவிடாமல் சட்டத்தரணியைப் பாருங்கள்.

கிரான், மாணவி: மெடம், நான் முதல்ல வந்த வருஷத்துக் கையேடு வெள்ளத்தில நனைஞ்சு போச்சு. எங்க எடுக்கிறது?

பீடத்தின் உதவிப் பதிவாளரிடம் முதலில் கேளுங்கள். அங்கே இல்லாவிட்டால் பிரதான நூலகத்தில் நிறுவன வெளியீடுகள் வைக்கும் பகுதியில் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உங்கள் பட்ச்சில் யாரிடமாவது இருக்கும். வாங்கி, அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை போனில் படமெடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். அட்டையில் இருக்கும் கல்வியாண்டு தெளிவாகத் தெரியவேண்டும்.