'எக்ஸ்பெக்ட்' என்ற சொல்லை லாகூர் நண்பருக்கு விளக்குவது எப்படி?

வணக்கம். துபாயில் உங்களோடு வேலை பார்க்கும் லாகூர்க்காரர், "இந்த மாதம் நஷ்டம் வரும் என்று ஹோப் பண்ணுகிறேன்" என்று மேலாளருக்கு எழுதிவிட்டார், எப்படித் திருத்துவது என்று கேட்டிருந்தீர்கள். அவர்மேல் தப்பில்லை. உருதுவில் 'உமீத்' என்ற ஒரே சொல் ஹோப், எக்ஸ்பெக்ட் இரண்டுக்கும் பெரும்பாலும் ஓடிவிடும்.

அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஹோப்பில் ஆசை இருக்கிறது. எக்ஸ்பெக்டில் ஆசை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, நடக்கும் என்று நினைக்கக் காரணம் இருந்தால் போதும். நஷ்டத்தை எக்ஸ்பெக்ட் பண்ணலாம், யாரும் ஹோப் பண்ண மாட்டார்கள். கெட்டது வரும் என்ற பயத்துக்கு உருதுவிலேயே 'அந்தேஷா' என்று தனிச்சொல் உண்டு. "அந்தேஷா என்று சொல்லும் இடத்தில் ஹோப் போடாதீர்கள்" என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

அப்புறம், 'தவக்கோ' என்ற அரபு வழிச் சொல்லையும் நினைவுபடுத்துங்கள். எக்ஸ்பெக்டுக்கு மிக நெருக்கம் அதுதான். ஆனால் மேலாளர், "திங்கட்கிழமைக்குள் முடிப்பீர்கள் என்று எக்ஸ்பெக்ட் பண்ணுகிறேன்" என்று எழுதினால் அது கிட்டத்தட்ட உத்தரவு. இதை அவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தானும் மேலாளருக்கு அப்படி எழுதக் கூடாது, அங்கே ஹோப்தான் மரியாதை.

உருதுவில் 'இந்திஜார்' என்றால் காத்திருப்பது. அதற்கு எக்ஸ்பெக்ட் அல்ல, வெயிட் தான் சரி.

அவருக்குப் பிடிக்கப்போகிற ஒன்று: கர்ப்பிணியை உருதுவில் 'உமீத் சே ஹை' என்பார்கள். ஆங்கிலத்திலும் கர்ப்பிணி 'எக்ஸ்பெக்டிங்' தான். அந்த ஓர் இடத்தில் உமீதும் எக்ஸ்பெக்டும் அழகாகக் கைகோத்துக்கொள்கின்றன.