பிடித்துக்கொள்ளும் சளி

கேள்வி: என் மகனுக்குச் சளி பிடித்த மறுநாளே இழுப்பு வந்துவிடுகிறது. தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தியும் பலனில்லை. சாதாரணச் சளி ஆஸ்துமாவை ஏன் இப்படிக் கிளப்பிவிடுகிறது?
— ஒரு தாய், அல்சூர், பெங்களூரு

பதில்: 'பிடித்த' என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தொற்றுநோய்க்கு 'ஒட்டுவாரொட்டி' என்று பெயர் வைத்தவர்கள் நாம். சளிக்கு முதன்மைக் காரணமான ரைனோ வைரஸ் உண்மையிலேயே ஒட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அதன் வகைகளில் பெரும்பாலானவை, மூச்சுக்குழாயின் உட்புறச் செல்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஐகேம்-1 என்ற ஒட்டுப் புரதத்தைப் பற்றுகின்றன என்பது 1989-இல் தெரியவந்தது.

அந்தப் புரதம் வைரஸுக்காக ஏற்பட்டதன்று. கிருமியோ காயமோ உள்ள இடத்தில் வெள்ளையணுக்களைப் பிடித்து நிறுத்துவதே அதன் வேலை. தூசியாலும் மகரந்தத்தாலும் ஏற்கெனவே அழற்சி கண்ட ஆஸ்துமாக் குழாயில் அது கூடுதலாக முளைத்திருக்கும். வைரஸ் புகுந்த செல்களோ அதை இன்னும் பெருக்கும். வெள்ளையணுக்கள் மேன்மேலும் திரள, உட்சுவர் வீங்கி, சளி சுரந்து, சுற்றியுள்ள தசை இறுகி, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மூக்கோடு முடிகிற சளி உங்கள் மகனுக்கு நெஞ்சில் இறங்கிவிடுகிறது. 1995-இல் வெளிவந்த ஒரு பிரிட்டன் ஆய்வில், 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு மூச்சிரைப்பு வந்த வேளைகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் ஏதேனும் ஒரு வைரஸ் இருந்தது.

ஆகவே தயிரையும் வாழைப்பழத்தையும் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வாமை இருந்தாலொழிய அவற்றின்மேல் பழி போடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுப்பதும் வீண். எனக்குப் பெரும் கவலை தருவது 'பம்ப் பழகிவிடும்' என்ற பயம். ஜெயநகரில் என் அக்கா வீட்டில், தினம் இரண்டு வேளை எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலர், லேகிய பாட்டிலுக்குப் பின்னால் கிடந்தது; வாங்கி இரண்டு மாதமாகியும், மீதி மருந்தைக் காட்டும் அதன் எண்ணிக்கைச் சாளரத்தில், 120 அழுத்தங்களில் 104 இன்னும் பாக்கி இருந்தது. இழுப்பு இல்லாத நாளில் அந்த மருந்து எதற்கு என்று அக்கா கேட்டாள். அழற்சி உள்ளே கனன்றுகொண்டிருப்பது அந்த நாட்களிலும்தான். அதைத் தணித்து வைத்தால்தான், அடுத்த சளி இவ்வளவு மூர்க்கமாக நெஞ்சில் இறங்காது.

உங்கள் மருத்துவரிடம், சளி தொடங்கிய அன்றே எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். மூச்சிழுக்கையில் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்கப் பிள்ளை திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.