மன்னிச்சிட்டேன், ஆனாலும் அவர்கிட்ட சொல்லணுமா?

சொல்லுங்க பிரதர், ஆனா முதல்ல அவர்கிட்ட மட்டும், தனியா. அசனக் கணக்குல, அதாவது சபை விருந்துக் கணக்குல, நீங்க கை வச்சதா சர்ச் கொயர்ல (பாடகர் குழுவுல) இருக்கிற அண்ணன் நாலு பேர்கிட்ட சொன்னதை அவர்கிட்டயே எடுத்துப் பேசினா மன்னிக்கலைன்னு ஆகிடுமான்னு கேட்டிருக்கீங்க, ஆகாது. லூக்கா 17:3ல கடிந்துகொள்றதும் மன்னிக்கிறதும் ஒரே வசனத்துலதான் இருக்கு.

சபை ஐயர்கிட்ட, அதாவது போதகர்கிட்ட, இப்பவே போக வேண்டாம். மத்தேயு 18:15-17ல வரிசை தெளிவா இருக்கு, முதல்ல நீங்க ரெண்டு பேர் மட்டும், கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும், அதுக்கப்புறம்தான் சபை. நம்ம ஊர்ல பெரும்பாலும் இதைத் தலைகீழா பண்றோம், கமிட்டிக்கு மனு போனப்புறம்தான் சம்பந்தப்பட்டவருக்கே விஷயம் தெரியுது, அது எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

அவர் பொறாமையில சொல்லாம, வரவு செலவு இன்னும் வாசிக்காததால யாரோ கேட்டதை நம்பியிருக்கலாம். அதனால ரசீதையும் நோட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, "அண்ணே, இப்படிச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?"ன்னு கேள்வியாவே ஆரம்பிங்க.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க. அவர் எல்லார் முன்னாடியும் தலைகுனியணும்னு மனசு எதிர்பார்க்குதா? அப்படின்னா ரெண்டு நாள் அவருக்காக ஜெபம் பண்ணிட்டுப் போங்க. கலாத்தியர் 6:1 சாந்தமா சீர்ப்படுத்தச் சொல்லுது, கூடவே உன்னைக்குறித்தும் எச்சரிக்கையாயிருன்னு சொல்லுது.

இது உங்களுக்கும் அவருக்கும் நடுவுல உள்ள பேச்சுக்குத்தான். அடி, மிரட்டல், பிள்ளைங்களுக்குத் தீங்குன்னா தனியாப் போய்ப் பேசாதீங்க, நேரா போலீஸ்தான். அப்புறம், அவர் மன்னிப்பு கேட்டாலும் பழைய நம்பிக்கை வர கொஞ்ச காலம் ஆகும், அதுக்காக நீங்க மன்னிக்கலைன்னு நினைச்சுக்காதீங்க.