லிஸ்ட்<கார்> ஏன் லிஸ்ட்<வண்டி> ஆகாது?

கேள்வி இதுதான்: ஜாவாவில் கார் கிளாஸ், வண்டி கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்கிறது. ஆனால் லிஸ்ட்<வண்டி> கேட்கும் மெத்தடுக்கு லிஸ்ட்<கார்> கொடுத்தால் ‘இன்கம்பேட்டிபிள் டைப்ஸ்’ என்று பிழை வருகிறது. ஏன்?

கம்பைலர் பக்கம்தான் நியாயம். அந்த மெத்தடுக்குள் ஒரு லாரியை ஆட் செய்தால் என்ன ஆகும்? லாரியும் வண்டிதானே, அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள். வெளியே வந்து பார்த்தால் உங்கள் கார் லிஸ்ட்டுக்குள் லாரி நிற்கும்!

அர்ரேயில் ஜாவா இதை அனுமதித்துவிடுகிறது. லாரியை வைக்கும்போது ரன்டைமில், அதாவது புரோகிராம் ஓடும்போது, அர்ரே ஸ்டோர் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும். 2004-இல் ஜாவா 5-உடன் வந்த ஜெனரிக்ஸில் (<> அடைப்புக்குள் வகையைச் சொல்லும் முறை) அந்த ரன்டைம் சோதனை இல்லை. கம்பைல் ஆனதும் <கார்> என்ற தகவல் அழிந்துவிடுவதால், ரன்டைமில் அது வெறும் லிஸ்ட். அதனால் கம்பைலர் வாசலிலேயே நிறுத்துகிறது.

மெத்தட் லிஸ்ட்டைப் படிக்க மட்டும் செய்தால் லிஸ்ட்<? எக்ஸ்டெண்ட்ஸ் வண்டி> என்று மாற்றுங்கள். கார்களைச் சேர்க்க மட்டும் என்றால் லிஸ்ட்<? சூப்பர் கார்>, அதாவது கார் அல்லது அதற்கு மேலுள்ள வகையின் லிஸ்ட்.

முதல் வகையில் எதையாவது ஆட் செய்யப் போனால் ‘கேப்சர்#1 ஆஃப் ?’ என்று ஒரு விநோதப் பிழை வரும். நான் முதன்முதலில் இதைப் பார்த்து அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ‘ஏதோ ஒரு வகை வண்டி, எந்த வகை என்று எனக்குத் தெரியாது’ என்பதற்குக் கம்பைலர் வைத்த தற்காலிகப் பெயர், அவ்வளவுதான். எரிச்சலில் <> அடைப்பையே தூக்கிவிடாதீர்கள். பிழை வெறும் எச்சரிக்கையாகிவிடும், லாரி உள்ளே வந்துவிடும்.