எடை சரியாக இருந்தும் தொப்பை இருந்தால் சர்க்கரை நோய் வருமா?

உயரத்துக்கேற்ற எடை இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளியிருப்பவருக்குச் சர்க்கரை நோய் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும் வாய்ப்பு நிச்சயமாகக் கூடுகிறது. தோலுக்கடியில் சேரும் கொழுப்பைவிட, குடல், கல்லீரல் முதலிய உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பே ஆபத்தானது. அதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் கல்லீரலை அடைந்து, இன்சுலினுக்கு அது கட்டுப்படாத நிலையை உண்டாக்குவதால், இரவு முழுவதும் உண்ணாமல் இருந்தாலும் கல்லீரல் தேவைக்கு மேல் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சில ஆண்டுகள் ஈடுகொடுக்கும். அது தளரும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது.

எடைக் கணக்கு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு, புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் தங்களையே சான்றாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3, உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்.

ஆகவே இடுப்பை அளந்து பாருங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்டபின், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். தெற்காசியர்களில் ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரை அது எட்டியிருந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல், வெறும் வயிற்றுச் சர்க்கரையையும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவையும் பரிசோதித்துவிடுங்கள்.