எண்ணாமல் குதியுங்கள்!

கேள்வி: டீச்சர், எங்கள் தெருவில் விடிகாலையில் காட்டெருமை நிற்கிறது, சில நாள் கரடியும். வாக்கிங்கை விட்டுவிட்டு ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். ஒரே மாதிரி குதித்து அலுத்துவிட்டது. தகரக் கூரை தாழ்வு, கயிறு மேலே இடிக்கிறது. வயது 41.
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: காட்டெருமைக்கு வழிவிட்டது நல்ல காரியம். நான் பி.டி. டீச்சராக இருந்தபோது பிள்ளைகளுக்குப் போட்ட முதல் விதி, எண்ணக் கூடாது. நூறு, இருநூறு என்று எண்ணினால் எப்போது முடியும் என்றுதான் மனசு போகும். கடிகாரத்தைப் பாருங்கள்: 30 நொடி ஆட்டம், 30 நொடி ஓய்வு. சுற்றுக்கு ஒரு விதம். முதலில் இரண்டு காலும் சேர்த்து. அடுத்து, ஓடுவதுபோல் கால் மாற்றி. அப்புறம் தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து இடமும் வலமும், பிறகு முன்னும் பின்னும். குத்துச்சண்டைக்காரர்கள் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றி லேசாகத் துள்ளுவார்களே, அதைப் பழகிக்கொண்டால் நெடுநேரம் ஆடலாம். கையைக் குறுக்கே போடுவது கடைசிப் பாடம். அது கைவரும்வரை கயிறு முழங்காலில் அடிக்கத்தான் செய்யும்.

வாரத்துக்கு 75 நிமிஷமாவது கடும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்கிப்பிங் அந்தக் கணக்கில் சேரும். தினம் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கூரை விஷயம்: கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள்வரை வர வேண்டும். மிச்ச நீளத்தை முடிச்சுப் போட்டுக் குறையுங்கள். ஓர் அங்குலம் எழும்பினால் போதும். அப்படியும் இடித்தால், பழைய கயிறு ஒன்றை வெட்டி, இரண்டு கைப்பிடியிலும் ஒரு முழம் தொங்கவிட்டுச் சுற்றுங்கள். காலுக்கு வேலை அதேதான்.

நம் ஊர்க் குளிரில் பிளாஸ்டிக் கயிறு பாக்கெட்டில் இருந்த சுருளோடேயே விறைத்து நிற்கும். வெந்நீரில் சற்று நேரம் போட்டு, நேராகத் தொங்கவிடுங்கள். கெண்டைக்கால் சதையும் அந்தக் கயிறு மாதிரிதான். ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்கு உடம்பு சூடேறட்டும், பிறகு ஆரம்பியுங்கள். வெறும் சிமென்ட் தரை வேண்டாம். ரப்பர் மேட் போட்டு, ஷூ அணிந்து, முன்பாதத்தில் இறங்குங்கள்.

கேள்வி: சென்னையில் ஐந்து நிமிஷம் விடாமல் குதிப்பேன். ஊட்டிக்கு மாற்றலாகி வந்ததும் ஒரே நிமிஷத்தில் மூச்சு வாங்குகிறதே?
- ஒரு வாசகர், ஊட்டி

பதில்: ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். காற்றழுத்தம் சென்னையில் இருப்பதில் கிட்டத்தட்ட முக்கால் பங்குதான். இரண்டு மூன்று வாரம் பாதி வேகத்தில் ஆடுங்கள், பழகிவிடும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, குதித்தால் சிறுநீர் கசிகிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை.
- பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: நிறையப் பேருக்கு இருக்கிறதம்மா, வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சிறுநீர்ப்பையைத் தாங்கும் அடித்தசைகள் பிரசவத்தில் தளர்ந்துபோவதால் வருவது. இப்போதைக்குக் கயிற்றை ஆணியில் மாட்டுங்கள். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை ஐந்து நொடி இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்துங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, தினம் மூன்று வேளை. பலன் தெரிய சில மாதம் ஆகும். மகப்பேறு டாக்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். அவர்களுக்கு இது தினம் வருகிற கேஸ்தான்.